தூசி வட்டில் விழும் கோடுகள்: குட்டிக் கோள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விண்மீன், அதைச் சுற்றிக் கிராமபோன் தட்டு மாதிரி வரிவரியாக ஆரஞ்சு வளையங்கள். இந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கோள்கள் பிறக்கும் வட்டு அது, வளையங்களுக்கு நடுவே விழும் கருப்பு இடைவெளிகளை உள்ளே உருவாகும் குட்டிக் கோள்கள்தான் போடுகின்றனவா என்பதுதான் இங்கே பேச்சு. பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்கலாம், வேண்டியதை மட்டும் பொறுக்கியும் படிக்கலாம். மூன்றாவது கேள்வியையும் ஐந்தாவதையும் மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

1. அந்த ஆரஞ்சுப் படம் எதனுடையது? நிஜப் படமா, வரைந்ததா?

நிஜப் படம்தான். ஹெச்எல் டாரி என்ற விண்மீன், நம்மிடமிருந்து சுமார் 450 ஒளியாண்டு, ரிஷப மண்டலத்தில் இருக்கிறது. வயது பத்து லட்சம் ஆண்டு இருக்கலாம், அதற்கும் குறைவாகவே இருக்கலாம். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? நம் சூரியனுக்கு 460 கோடி வயது. சூரியனை நூறு வயதுக் கிழவராக வைத்துக்கொண்டால், ஹெச்எல் டாரி பிறந்து எட்டு நாள் ஆன சிசு.

படம் எடுத்தது அல்மா. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கும் 66 ரேடியோ ஆன்டெனாக்களின் கூட்டம் அது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி நிற்கும் ஆன்டெனாக்களின் தகவலைச் சேர்த்துக் கணக்கிட்டால், அவ்வளவு அகலமான ஒரே தொலைநோக்கியால் பார்த்தது போன்ற நுணுக்கம் கிடைக்கும். 2014 நவம்பரில் படம் வெளியானது. ஆரஞ்சு நிறம் மட்டும் நாம் பூசியது. வந்தது மில்லிமீட்டர் அலைநீளத்து ரேடியோ அலை, அதற்கு ஏது நிறம்?

2. வட்டு எதனால் ஆனது?

வாயு, தூசி. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வாயு (பெரும்பாலும் ஹைட்ரஜன், அப்புறம் ஹீலியம்), மிச்சம் ஒரு பங்குதான் தூசி. விண்மீனாகச் சுருங்கிய மேகம் லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது, சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமெடுத்தது, நேராக நடுவில் விழ முடியாதவை தட்டையாகப் படிந்து சுற்ற ஆரம்பித்தன. அதுதான் வட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படங்களில் பளிச்சென்று தெரிவது அந்த ஒரு பங்குத் தூசி. ஆட்டம் ஆடுவதோ கண்ணுக்குத் தெரியாத தொண்ணூற்றொன்பது பங்கு வாயு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். வாயு அதிக நாள் தங்காது என்பதும் முக்கியம். சில பத்து லட்சம் ஆண்டுகளில் விண்மீனுக்குள் விழுந்தோ வெளியே ஊதித் தள்ளப்பட்டோ காலியாகிவிடும். வியாழன் மாதிரியான கோள்கள் அதற்குள் உருவாகிவிட வேண்டும்.

3. கோள் போகும் வழியில் இருப்பதையெல்லாம் தின்றுவிடுகிறது, அதனால்தான் கருப்புக் கோடு விழுகிறது. சரிதானே?

பாதிதான் சரி. செய்திகளில் பெருக்குமாறு, வேக்குவம் கிளீனர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை, ஏனென்றால் முக்கியமான வேலையை அது மறைத்துவிடுகிறது. கோள் கொஞ்சம் தின்கிறது, உண்மை. ஆனால் இடைவெளியின் பெரும்பகுதி தின்றதால் வருவதில்லை, தள்ளியதால் வருகிறது.

ஈர்ப்பு என்றால் இழுப்பது, அது எப்படித் தள்ளும் என்று உடனே கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

விண்மீனுக்கு அருகில் சுற்றுபவை வேகமாகப் போகும், தள்ளிச் சுற்றுபவை மெதுவாகப் போகும். ஆக, கோளுக்கு உள்பக்கம் ஓடும் ஒரு துகள், கோளை ஓவர்டேக் செய்துகொண்டு போகும். கடக்கும் நேரத்தில் கோள் அதைத் தன் பக்கம் இழுக்கிறது, துகளின் பாதை லேசாக வளைகிறது. கோளின் மேல் உட்கார்ந்து பார்த்தால் துகளின் வேகம் குறையவில்லை, திசை மட்டும்தான் திரும்பியிருக்கிறது. நேரே முன்னால் போய்க்கொண்டிருந்த வேகத்தில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விட்டது என்றால், முன்னோக்கிய வேகம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். சுற்றுப்பாதையில் முன்னோக்கிய வேகத்தை இழந்தவன் உள்ளே இறங்குவான். அதாவது, கோளுக்கு உள்ளே இருந்தது இன்னும் உள்ளே போகிறது.

வெளிப்பக்கத்தில் கதை தலைகீழ். அங்கே துகள் கோளைவிட மெதுவானது, கோளிலிருந்து பார்த்தால் அது பின்னால் நழுவிக்கொண்டிருக்கும். பாதை வளைந்ததும் அந்தப் பின்னோக்கிய நழுவல் குறைகிறது, என்றால் முன்னோக்கிய வேகம் கூடுகிறது, துகள் இன்னும் வெளியே போகிறது. இரண்டு பக்கமும் இழுக்கத்தான் செய்தது, இரண்டு பக்கமும் விலகித்தான் போனது. ஒரு தடவை கடந்தால் மாற்றம் அற்பம். ஆயிரக்கணக்கான சுற்றுகள் சேர்ந்தால் கோளின் பாதையை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டியது போலாகிவிடும்.

இயற்பியல் மொழியில் இதைக் கோண உந்தப் பரிமாற்றம் என்பார்கள். 1979, 1980 வாக்கில் கோல்ட்ரைக்கும் டிரிமெய்னும் ஒரு பக்கம், லின்னும் பாப்பலாய்சுவும் இன்னொரு பக்கம் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார்கள். சூரியனைத் தவிர வேறு விண்மீன்களுக்குக் கோள் உண்டு என்பதே உறுதியாகாத காலம் அது!

4. இது வெறும் கணக்கா, அருகில் எங்காவது நடப்பதைப் பார்த்திருக்கிறார்களா?

சனியின் வளையங்களில் கண்கூடாக நடக்கிறது. என்கே இடைவெளி என்று சுமார் 325 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதன் ஓரங்கள் அலை அலையாக நெளிந்திருப்பதை வாயேஜர் விண்கலம் எடுத்த படங்களில் பார்த்தவர்கள், உள்ளே ஏதோ ஒரு நிலா ஓடுகிறது, இன்ன இடத்தில் தேடினால் கிடைக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். 1990-ல் பழைய வாயேஜர் படங்களைத் துழாவி அந்த நிலாவைக் கண்டுபிடித்தார் மார்க் ஷோவால்டர். பெயர் பான், குறுக்களவு சுமார் 28 கிலோமீட்டர். ஒரு தாலுகா அளவு இருக்கும் பாறை, தன்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் அகலமான பாதையைக் காலியாக வைத்திருக்கிறது. 2005-ல் காசினி விண்கலம் அதே வளையங்களில் இருக்கும் கீலர் என்ற இன்னொரு இடைவெளிக்குள் டாஃப்னிஸ் என்ற இன்னும் சின்ன நிலாவைப் பிடித்தது, அதன் இரு பக்கமும் எழும் அலைகளோடு சேர்த்து.

ஆனால் சனி வளையத்தில் வாயு கிடையாது. விண்மீன் வட்டில் உண்டு. அதனால்தான் அங்கே விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது.

5. இடைவெளி கருப்பு, சரி. அதற்கு வெளியே இருக்கும் வளையம் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?

ஏனென்றால் தூசி அங்கே வந்து மாட்டிக்கொள்கிறது.

தூசியும் வாயுவும் ஒரே வட்டில் சுற்றினாலும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. உள்ளே வாயு அடர்த்தியாக, சூடாக இருக்கும், வெளியே நீர்த்து, குளிர்ந்து இருக்கும். எனவே வாயுவின் அழுத்தம் அதைக் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தாங்கல் இருப்பதால் வாயு, தான் ஓட வேண்டியதைவிடச் சற்று மெதுவாக ஓடியே பாதையில் நிற்க முடிகிறது. கூழாங்கல்லுக்கு அந்தத் தாங்கல் கிடையாது, அது முழு வேகத்தில் ஓடியே ஆகவேண்டும். விளைவு? காற்றே வீசாத நாளில் பைக் ஓட்டினாலும் முகத்தில் காற்று அடிக்கும் இல்லையா, அதேபோலக் கூழாங்கல்லுக்கு எப்போதும் எதிர்காற்று. புவி இருக்கும் தூரத்தில் அந்த வேக வித்தியாசம் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். புயல் வேகம்தான், ஆனால் மிக மெலிந்த வாயு. எதிர்காற்று வேகத்தைத் தின்னத் தின்ன, கல் சுருண்டு சுருண்டு விண்மீனை நோக்கி இறங்கும்.

எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதுதான் அதிர்ச்சி. புவியின் தூரத்தில் இருக்கும் ஒரு மீட்டர் அளவுப் பாறை, நூறு ஆண்டு போல ஆவதற்குள் விண்மீனிடம் போய்ச் சேர்ந்துவிடும். 1977-ல் வைடன்ஷில்லிங் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதினார். அன்றிலிருந்து கோளாக்கக் கோட்பாட்டில் இது ஒரு தீராத தலைவலி. கோளாக வளரவே நேரம் இல்லாமல் எல்லாம் அடுப்புக்குள் போய்விட்டால் நாம் எப்படி வந்தோம்?

இங்கேதான் இடைவெளி உதவிக்கு வருகிறது. கோள் வாயுவிலும் ஒரு பள்ளம் தோண்டுகிறது. பள்ளத்தின் வெளிக்கரையில் வாயு ஒரு மேடு மாதிரிக் குவிந்திருக்கும். மேட்டுக்கு வெளிப்பக்கம் வழக்கம்போல எதிர்காற்று, கற்கள் உள்நோக்கி வரும். மேட்டுக்கு உள்பக்கம் அழுத்தத்தின் சரிவு தலைகீழாகிவிடுவதால், வாயு கல்லைவிட வேகமாக ஓடுகிறது, பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, கல் வெளிநோக்கிப் போகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து உச்சியில் சேர்ந்து நின்றுவிட வேண்டியதுதான். மதகை அடைத்த வாய்க்காலில் சருகு சேருவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுதான்.

எனவே படத்தில் தெரியும் பளிச் வளையம் தூசி உண்டான இடம் இல்லை, நின்றுபோன இடம். எல்லா அளவுத் தூசியும் மாட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகை மாதிரியான மைக்ரான் அளவுத் துகள் வாயு போகும் பக்கமெல்லாம் போகும், மேட்டைத் தாண்டி உள்ளேயும் போய்விடும். மில்லிமீட்டர் மணல்தான் நன்றாக மாட்டும். மாவு சலிக்கிற சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். அல்மா பார்ப்பது இந்த மணலை. அதே வட்டை அகச்சிவப்பில் பார்த்தால் மேற்பரப்பில் மிதக்கும் புகைத்தூசி தெரியும், வேறொரு வட்டோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் படம் மாறியிருக்கும்.

6. இடைவெளி தோண்ட எவ்வளவு பெரிய கோள் வேண்டும்?

வாயுவில் ஆழமான பள்ளம் என்றால் வியாழன் தரத்து ஆள் வேண்டும். தூசியில் மட்டும் கோடு விழ அவ்வளவு தேவையில்லை, புவியைப் போல பத்து இருபது மடங்கு எடை, அதாவது நெப்டியூன் அளவு போதும். வாயுவில் லேசான மேடு எழுந்தாலே தூசி வரத்து நின்றுவிடும் இல்லையா, அதனால். ஹெச்எல் டாரியின் கோடுகளைக் கணினியில் வரவழைத்துப் பார்த்தவர்களுக்குச் சனி அளவுள்ள கோள்களே போதுமானதாக இருந்தன.

7. அப்படியானால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கோள் இருக்கிறது என்று எண்ணிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றுதான். கோடு என்பது காலடித்தடம். தடத்தைப் பார்த்ததும் ஆளைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது, சில நேரம் அது காலடித்தடமாகவே இல்லாமலும் போகலாம்.

வாயுவில் அழுத்த மேடு எழுந்தால் வளையம் வரும், அவ்வளவுதான் இயற்கையின் நிபந்தனை. மேட்டைக் கோள்தான் எழுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வட்டில் ஓடும் காந்தப்புலமே வாயுவைப் பட்டை பட்டையாகப் பிரிக்கலாம். நீராவி பனியாக உறையும் எல்லை, கார்பன் மோனாக்சைடு உறையும் எல்லை என்று வட்டில் பல உறைகோடுகள் உண்டு. அவற்றைத் தாண்டும்போது தூசித்துகள் ஒட்டும் தன்மை, உடையும் தன்மை எல்லாம் மாறும், அதிலும் வளையம் வரலாம் என்று ஹெச்எல் டாரி படம் வந்த மறு ஆண்டே ஒரு வாதம் எழுந்தது. இன்னொரு சிக்கல், ஒரு கோளுக்கு ஒரு கோடு என்ற கணக்கும் செல்லாது. வாயுவில் கொந்தளிப்பு குறைவாக இருந்தால் ஒரே கோள் மூன்று நான்கு கோடுகளை வரைய முடியும் என்று 2017-ல் சில கணினிப் பாவனைகள் காட்டின. கோடுகளை எண்ணிக் கோள்களின் தொகையைச் சொன்ன தலைப்புச் செய்திகளை அதற்குப் பிறகு என்னால் அப்படியே நம்ப முடிவதில்லை.

2018-ல் அல்மா 20 வட்டுகளை வரிசையாக, மிக நுணுக்கமாகப் படமெடுத்தது. பெரும்பாலானவற்றில் வளையமும் இடைவெளியும் இருந்தன. கோடு விழுவது அபூர்வம் இல்லை என்பது அன்று உறுதியாயிற்று. கோடு போட்டவர் யார் என்பது உறுதியாகவில்லை.

8. இடைவெளிக்குள் கோளையே பார்த்தது உண்டா?

உண்டு. பிடிஎஸ் 70. சென்டாரஸ் மண்டலத்தில், சுமார் 370 ஒளியாண்டு தூரத்தில், ஏறக்குறைய 50 லட்சம் வயதான விண்மீன். அதன் வட்டின் நடுவே ஒரு பெரிய காலியிடம். 2018-ல் சிலியில் இருக்கும் விஎல்டி தொலைநோக்கியின் ஸ்ஃபியர் கருவி அந்தக் காலியிடத்துக்குள் ஒரு கோளைப் படமெடுத்தது. மறு ஆண்டு இரண்டாவது கோளும் கிடைத்தது. உள்கோள் ஏறத்தாழ யுரேனஸ் தூரத்தில், வெளிக்கோள் நெப்டியூன் தூரத்தில். உள்ளிருப்பது இரண்டு சுற்று முடிக்கும்போது வெளியிருப்பது சுமாராக ஒரு சுற்று முடிக்கிறது.

இரண்டுமே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. எப்படித் தெரியும்? கோளின் மேல் ஹைட்ரஜன் வாயு வேகமாக விழுந்து மோதும்போது ஒரு குறிப்பிட்ட சிவப்பு நிறத்தில் ஒளிரும். ஹெச்-ஆல்ஃபா என்பார்கள். இரண்டிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி 2021-ல் வந்தது: வெளிக்கோளைச் சுற்றித் தனியாக ஒரு குட்டி வட்டு இருப்பதை அல்மா தெளிவாகக் காட்டியது. அகலம் ஏறத்தாழ புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், நம் நிலா அளவில் மூன்று நிலாக்கள் செய்யும் அளவுக்கு அதில் தூசி இருக்கிறது. வட்டுக்குள் கோள், கோளுக்கு ஒரு வட்டு.

நீண்ட நாள் பிடிஎஸ் 70 மட்டும்தான் சந்தேகத்துக்கு இடமில்லாத உதாரணமாக இருந்தது. ஆனால் அங்கே இருப்பது ஒரே பெரிய குழி, ஹெச்எல் டாரி மாதிரிப் பல வளையங்கள் இல்லை. 2025 ஆகஸ்டில் விஸ்பிட் 2 என்ற விண்மீனின் படம் வந்தது. பல வளையங்கள், அவற்றுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதற்குள் வியாழனைப் போல சுமார் ஐந்து மடங்கு எடையில் ஒரு கோள், அதன் மேல் வாயு விழும் சிவப்பு ஒளி உட்பட. நாற்பது ஆண்டுக்கு முன் போட்ட கணக்கு சொன்ன இடத்திலேயே ஆள் நிற்கிறார்.

9. மற்ற இடைவெளிகளில் ஏன் தெரியவில்லை?

சனி, நெப்டியூன் அளவுக் கோள்களின் ஒளி மிகவும் மங்கல். பக்கத்தில் நிற்கும் விண்மீனோ கண்ணைப் பறிக்கும். நடுவில் வேறு தூசி மறைக்கிறது. லாரியின் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பறக்கும் மின்மினியை மூடுபனியில் தேடுவது போல. தெரியவில்லை என்பதால் இல்லை என்றும் சொல்ல முடியாது, கஷ்டம் அதுதான்.

10. பார்க்காமலே கண்டுபிடிக்க வேறு வழி உண்டா?

வாயுவைக் கேட்கலாம். சொன்னேனே, ஆட்டம் ஆடுவது அதுதான். வட்டில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரேடியோ அலை வீசும், அந்த அலை நீள்கிறதா குறுகுகிறதா என்பதை வைத்து ஒவ்வோர் இடத்திலும் வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடலாம். ரயில் ஹாரன் கிட்டே வரும்போது ஒரு சுருதி, தாண்டிப் போகும்போது வேறொரு சுருதி கேட்குமே, அதே தத்துவம். கோள் எதுவும் இல்லாவிட்டால் இந்த வேக வரைபடம் வழவழப்பாக இருக்க வேண்டும். கோள் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு நெளிவு விழும்.

2018-ல் ஹெச்டி 163296 என்ற விண்மீனின் வட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இப்படி நெளிவுகளைக் கண்டுபிடித்தன. அடுத்த ஆண்டு ஹெச்டி 97048-ல் கிடைத்த நெளிவு, தூசியில் இடைவெளி இருந்த அதே தூரத்தில் இருந்தது. தூசி ஒரு சாட்சி, வாயு இன்னொரு சாட்சி. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் கோள் இருக்க வாய்ப்பு எவ்வளவோ கூடிவிடுகிறது. கோளின் எடையையும் ஓரளவு இதிலிருந்தே ஊகிக்கலாம்.

11. சில படங்களில் வளையத்துக்குப் பதில் சுருள் கைகள் இருக்கின்றனவே?

கோள் வட்டைக் கலக்கும்போது எழும் அலை சுருளாகத்தான் விரியும். உள்பக்கம் வேகமாக ஓடுவதால் அலை முன்னே இழுபடும், வெளிப்பக்கம் பின்தங்கும். ஹெச்டி 100453 என்ற விண்மீனுக்கு வட்டுக்கு வெளியே ஒரு சிறிய துணை விண்மீன் உண்டு, அதுதான் இரண்டு அழகான சுருள் கைகளை இழுத்து வைத்திருக்கிறது என்று நம்பப் போதுமான காரணம் இருக்கிறது. ஆனால் வட்டே மிகக் கனமாக இருந்தால், யாரும் கலக்காமலேயே தன் ஈர்ப்பிலேயே சுருண்டுகொள்ளும். ஏபி ஆரிகே விண்மீனில் 2022-ல் ஒரு கோள் உருவாகிவருவதாக அறிவித்தார்கள், சுருள் கைகளும் இருக்கின்றன, ஆனால் தெரிவது கோளா, வட்டில் பட்டுச் சிதறும் ஒளியா என்ற சண்டை ஓயவில்லை.

12. ஒரு பக்கம் மட்டும் தூசி குவிந்திருக்கும் வட்டு?

ஐஆர்எஸ் 48 என்ற விண்மீனின் வட்டைக் கேட்கிறீர்கள். 2013-ல் அல்மா எடுத்த படம், பார்க்க முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும். பள்ளத்தின் கரை மிகச் செங்குத்தாக இருந்தால் அங்கே வாயு ஆற்றுச் சுழல் போலச் சுழன்றுகொள்ளும், மணல் எல்லாம் அதற்குள் சேர்ந்துவிடும். வால்வெள்ளித் தொழிற்சாலை என்று அப்போது செல்லப்பெயர் வைத்தார்கள்.

13. தூசி மாட்டினால்தான் கோள் வளரும், கோள் இருந்தால்தான் தூசி மாட்டும். அப்படியானால் முதல் கோள்?

முட்டையா கோழியா என்ற அதே கேள்வி. ஏழாவது பதிலில் சொன்ன காந்தப்புலம், உறைகோடு போன்றவை இங்கே உதவலாம்: அவை எழுப்பும் மேட்டில் முதல் கோள் உருவாகி, அது தோண்டும் பள்ளத்தின் கரையில் அடுத்தது உருவாகலாம். மேடே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. கற்கள் போதுமான அளவு நெருங்கி ஓடினால், சைக்கிள் பந்தயத்தில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு எதிர்காற்று குறைவது போல, கூட்டத்துக்கு எதிர்காற்று குறைகிறது. தனியாக வரும் கற்கள் வந்து அதில் சேர்ந்துகொள்ள, கூட்டம் பெருத்து, கடைசியில் தன் ஈர்ப்பிலேயே இடிந்து நூறு கிலோமீட்டர் அளவுப் பாறையாகிவிடும். ஹெச்எல் டாரி வயதிலேயே கோடுகள் இருக்கின்றன என்றால், இதெல்லாம் நாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் நடக்கிறது என்று அர்த்தம். அல்லது அந்தக் கோடுகள் கோள் போட்டவை அல்ல.

14. கோள் வட்டை மாற்றுகிறது, சரி. வட்டு கோளை ஒன்றும் செய்யாதா?

செய்யும். துகளிடமிருந்து கோள் எடுத்ததும் கொடுத்ததும் கோளின் கணக்கிலும் ஏறும். உள்வட்டு கோளை வெளியே தள்ளும், வெளிவட்டு உள்ளே தள்ளும், பெரும்பாலும் வெளிவட்டின் கை ஓங்கி, கோள் மெல்ல உள்ளே நகரும். விண்மீனை ஒட்டிச் சில நாளில் சுற்றி முடிக்கும் சூடான வியாழன்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு விளக்கம் இது.

15. நம் சூரியக் குடும்பத்திலும் இப்படி ஒரு வட்டு இருந்ததற்குத் தடயம் உண்டா?

விண்கற்களில் இருக்கிறது. பூமியில் வந்து விழுந்த விண்கற்களின் மாலிப்டினம், டங்ஸ்டன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்தால் அவை கலப்பே இல்லாமல் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. ஒரே வட்டில், ஒரே காலத்தில் உருவானவை ஏன் கலக்கவில்லை? நடுவில் ஏதோ ஒன்று தடுத்திருக்க வேண்டும். 2017-ல் வந்த ஓர் ஆய்வு அது வியாழன் என்றது. சூரியக் குடும்பம் தொடங்கிப் பத்து லட்சம் ஆண்டுக்குள் வியாழனின் கரு புவியைப் போல இருபது மடங்கு எடைக்கு வளர்ந்து, வெளியிலிருந்து வந்த மணலை மறித்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இல்லை, வியாழன் வருவதற்கு முன்பே அங்கே ஓர் அழுத்த மேடு இருந்தது, மறித்தது அதுதான் என்று 2020-ல் வேறு இருவர் எழுதினார்கள். தொலைதூர வட்டுகளில் நடக்கும் அதே தகராறு, நம் வீட்டுக்குள்ளும்.

16. வாயு போன பிறகு கோள்களின் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. மிச்சப் பாறைகள் மோதி மோதிப் புதிய தூசி வந்துகொண்டிருக்கும், அந்தச் சிதைவு வட்டையும் கோள்கள் வளைக்கும். பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் வட்டை 1984-லேயே படமெடுத்துவிட்டார்கள். பின்னால் அதன் உள்பகுதி லேசாகக் கோணலாக இருப்பது தெரிந்தது, கோணலான பாதையில் ஓடும் ஒரு பெரிய கோள்தான் காரணம் என்று 1990-களில் கணித்தார்கள். 2003-ல் எடுத்த படத்தில் அந்தக் கோள் இருந்ததை 2008-ல் அறிவித்தார்கள். தடத்தைப் பார்த்து ஆளைச் சொன்னது இங்கே பலித்தது.

ஃபோமல்ஹாட் விண்மீனில் பலிக்கவில்லை. தூசி வளையத்தின் ஓரம் கூர்மையாக, ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது, 2008-ல் ஹபிள் படத்தில் ஒரு புள்ளியும் கிடைத்தது, கோள் என்று உலகமே கொண்டாடியது. அப்புறம் அந்தப் புள்ளி ஆண்டுக்கு ஆண்டு பரவி மங்கிப்போயிற்று. இரண்டு பெரும் பாறைகள் மோதிக் கிளம்பிய தூசி மேகம் அது என்று 2020-ல் வந்த விளக்கம்தான் இப்போது பொருந்துகிறது.

17. இதில் எதையாவது நம் மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடியுமா?

வட்டு தெரியாது, எந்த வீட்டுத் தொலைநோக்கியிலும் தெரியாது. இருக்கும் இடத்தைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு உச்சிப் பக்கம் சிவந்து தெரிவது ரோகிணி. கையை நீட்டிப் பிடித்தால், அதிலிருந்து வடமேற்கே ஒன்றிரண்டு விரல் அகலத்தில் இருக்கிறது ஹெச்எல் டாரி. கண்ணுக்கு அங்கே வெறும் இருட்டுதான் தெரியும். அப்படியே தெற்கே திரும்புங்கள். அடிவானத்துக்கு மேலே கொஞ்ச உயரத்தில் பளீரென்று நிற்பது அகத்தியர் விண்மீன். அதற்கு வலப்பக்கம் மூன்று நான்கு விரல் தள்ளி, ஒரு பொட்டு மேலே, மங்கலாக ஒரு விண்மீன் இருக்கும். அதுதான் பீட்டா பிக்டோரிஸ், 63 ஒளியாண்டு. சென்னை வெளிச்சத்தில் கிடைக்காது, ஊர்ப்பக்கம் போகும்போது தெற்கே மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.